அறுவை முடிந்து வீட்டுக்குப் போகிறவர் கையில் ஒரு தாள் கொடுங்கள்

சேலம் மாவட்டத்தில் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கும், அதைப் பற்றி ஆய்வு செய்யும் முதுநிலை மாணவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் மருத்துவமனை நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களே, வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டியதை அவர் படிக்கிற தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவரை வைத்து ஆய்வு செய்கிறீர்கள் என்றால், அவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதையும் கணக்கில் சேருங்கள். ஆய்வில் கடைசியாகத் தெரிய வந்ததை அவருக்கும் சொல்லுங்கள்.

சேலத்தில் அறுவை சிகிச்சை வார்டுகளில் பல வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஏற்காட்டில் இருக்கிறேன். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த அம்மா என்று தெரிந்துவிட்டதால், கீழே போய் ஆபரேஷன் செய்துகொண்டு மலைக்குத் திரும்புகிறவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டையும் மாத்திரைப் பையையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறார்கள். வார்டில் இருந்தபோது கண்ணில் படாத ஒரு பக்கம் இங்கே தினமும் படுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரத்தத் தட்டணுக்களில் இருந்து தொடங்குகிறேன். டெங்கு வந்து போன வருடங்களுக்குப் பிறகு சேலத்தில் பிளேட்லெட் என்ற சொல் தெரியாத வீடு கிடையாது. ஒன்றரை லட்சத்துக்குக் கீழே போனால் பயம், ஐம்பதாயிரம் என்றால் அழுகை, பப்பாளி இலைச் சாறு, ரத்தம் கொடுக்க ஆள் தேடும் வாட்ஸ்அப் செய்தி என்று எல்லாம் மக்களுக்குப் பழகிப்போனது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும் என்பதை பெட்டிக்கடை வைத்திருப்பவர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் மக்களுக்குத் தெரிந்தது எண்ணிக்கை மட்டும்தான். அந்தத் தட்டணு வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. அறுவை சிகிச்சையில் உயிரோடு விளையாடுவது பல நேரம் அந்த இரண்டாவது கேள்விதான்.

ஏரிக்கரை உடைந்தால் மணல் மூட்டை போட்டு அடைப்பார்கள் இல்லையா, தட்டணு செய்வது அந்த வேலை. ரத்தக் குழாயில் வெட்டு விழுந்ததும் ஓடிப்போய் ஒட்டி, ஒன்றையொன்று கூப்பிட்டு, அடைப்பாக நிற்கும். மூட்டை எத்தனை இருந்தாலும் ஒன்றோடு ஒன்று ஒட்டாவிட்டால் தண்ணீர் நிற்காது. ஆஸ்பிரின் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் நடப்பது அதுதான். தட்டணுவுக்குள் இருக்கிற ஒரு நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்குகிறது. மற்றத் தட்டணுக்களைக் கூப்பிடும் ரசாயனம் அதன்பின் உருவாவதில்லை. ஆஸ்பிரினின் இந்தச் செயல்முறையை ஜான் வேன் 1971-இல் கண்டறிந்தார்; 1982-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. கெட்டுப்போன நொதிக்குப் பதில் அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. அதன் ஆயுள் ஏழு முதல் பத்து நாள். அது செத்து, எலும்பு மஜ்ஜை புதுத் தட்டணுவை அனுப்பும்வரை மாத்திரையின் வேலை நீடிக்கும். இன்றைக்கு நிறுத்தி நாளைக்கு ஆபரேஷன் என்றால் நிறுத்தியதற்குப் பெரிதாக அர்த்தமில்லை. ரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் இன்னொரு மாத்திரையான குளோபிடோக்ரெல் வேறொரு வாசலை அடைக்கிறது, ஆனால் அதுவும் நிரந்தரமாகத்தான். அதனால்தான் பெரிய அறுவைக்கு முன் அதை ஐந்து நாளாவது நிறுத்தச் சொல்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வதற்கும் அந்த இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக் காலே செயலிழந்து போகலாம்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா என்று கேட்பீர்கள். உங்களுக்குத் தெரியும். நோயாளிக்குத் தெரியாது. அறுவைக்கு முன் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் என்று வந்துவிடும், "எல்லாம் நார்மல்" என்று சொல்லப்படும், அவரும் நிம்மதியாகிவிடுவார். அந்த எண் அவர் சாப்பிட்ட மாத்திரையைக் காட்டவே காட்டாது. தட்டணுவின் செயலை அளக்கும் கருவிகள் இருக்கின்றன, 1962-இலேயே அதற்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் எல்லா ஊர் ஆஸ்பத்திரியிலும் எல்லாருக்கும் அதைச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?"

"இல்லீங்க சார்."

இந்த "இல்லீங்க" என்ற பதிலை வார்டில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பொய் இல்லை அது. அவர் காய்ச்சலுக்கோ சளிக்கோ மாத்திரை சாப்பிடவில்லை, அதைச் சொல்கிறார். மாரடைப்பு வந்து, இதயத்தின் ரத்தக் குழாய் அடையாமல் இருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்த நாளிலிருந்து தினமும் ராத்திரி போட்டுக்கொள்வது அவர் கணக்கில் சாப்பாட்டோடு சேர்ந்துவிட்டது. இன்னொரு கூட்டம் மூட்டுவலி மாத்திரைக் கூட்டம். செவ்வாய்ப்பேட்டையில் காலை முதல் இரவு வரை குனிந்து உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கிறவருக்குக் கழுத்து வலி. அம்மாபேட்டையில் தறியில் உட்கார்ந்தவருக்கு இடுப்பு வலி. தோட்டத்தில் கூடை சுமக்கிறவளுக்கு முழங்கால் வலி. மருந்துக் கடையில் "வலி மாத்திரை நாலு குடுங்க" என்று வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். டைக்ளோஃபெனாக், இப்யூபுரோஃபென் எல்லாம் அதே நொதியைத்தான் பிடிக்கின்றன. ஆஸ்பிரின்போல நிரந்தரமாக இல்லை, மருந்து உடம்பில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். ஆபரேஷன் அன்று காலை வரை போட்டுக்கொண்டிருந்தால் அது போதும், ரத்தம் கசிய.

என் வீட்டு மேசையில் அவர்கள் கொட்டும் மாத்திரைப் பையை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். கடைக்காரர் கத்தரியால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரின் பின்பாதியும் 75 என்ற எண்ணும் இருக்கும். இன்னொன்றில் காலாவதித் தேதியின் மாதம் இருக்கும், வருடம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். சில துண்டுகளில் வெறும் வெள்ளித்தாள். "வெள்ளையா சின்னதா இருக்குமே, அதுதாங்க சிஸ்டரம்மா" என்பார்கள். வெள்ளையாகச் சின்னதாக இருப்பவை அந்தப் பையிலேயே மூன்று நான்கு இருக்கும்.

அப்படி வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். மிளகுக் கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிற வேலை அவருக்கு. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்தார்கள். முன்னதாக, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் சரியாகச் செய்தார், நிறுத்தினார். தையல் பிரித்தாயிற்று, காயம் ஆறிப்போயிற்று, ஏணியிலும் ஏறத் தொடங்கிவிட்டார். மாத்திரை மட்டும் நிறுத்தியது நிறுத்தியபடியே இருந்தது. சீட்டில், முந்தைய மருந்துகளைத் தொடரவும் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவர் அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். "நிறுத்தச் சொன்னாங்க, நிறுத்திட்டேன். மறுபடி போடச் சொல்லி யாரும் சொல்லலீங்களே" என்றார். அவர் மேல் என்ன தப்பு? உடனே அவருடைய இதய மருத்துவருக்குப் போன் போட்டுப் பேசி, அன்றைக்கே மாத்திரை தொடங்கியது. ஸ்டென்டில் ரத்தம் கட்டியிருந்தால் மலையிலிருந்து கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்திருக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலை நோயாளிகளும் படிக்கக்கூடும். ஆபரேஷன் என்றதும் இந்த மாத்திரைகளை யாரும் தானாக நிறுத்திவிடாதீர்கள். பல் பிடுங்குவதற்கும் கண்புரைக்கும் பெரும்பாலும் ஆஸ்பிரினை நிறுத்தவே தேவையில்லை. ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகாதவர்கள், மாரடைப்புக்காக வைத்திருந்தால் ஒரு வருடம் ஆகாதவர்கள், தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா என்று இரண்டு டாக்டரையும் கேளுங்கள்.

ஆய்வுக்கு வருகிறேன் டாக்டர்களே. நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் இந்தக் குழப்பத்தில் ஒரு வெளிச்சமும் வந்திருக்காது. ஆபரேஷன் சமயத்தில் ஆஸ்பிரின் கொடுத்தால் மாரடைப்பு குறையுமா என்று 23 நாடுகளில் 10,010 பேரை வைத்துப் பார்த்தார்கள், முடிவு 2014-இல் வந்தது. இதயம் சாராத அறுவை சிகிச்சைகள் அவை. இறந்தவர்கள் அல்லது மாரடைப்பு வந்தவர்கள் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 7.0 சதவீதம், எடுக்காதவர்களில் 7.1. வித்தியாசமே இல்லை. பெரிய ரத்தப்போக்கு மட்டும் 3.8-லிருந்து 4.6 சதவீதமாகக் கூடியது. அந்தக் கூட்டத்திலேயே முன்பு ஸ்டென்ட் போன்ற இதயக்குழாய்ச் சிகிச்சை செய்துகொண்ட 470 பேரைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது கதை மாறியது. அவர்களுக்கு ஆஸ்பிரினால் மாரடைப்பு குறைந்தது. ஊருக்கெல்லாம் ஒரே பதில் பொருந்தாது என்பதை அந்த ஆய்வே காட்டிக்கொடுத்தது. மிளகுக்காரருக்கும், மூட்டுவலி மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கும் ஒரே சீட்டு போதாது என்று நான் சொல்வதற்கு அதுவே ஆதாரம்.

நம் மக்களை வைத்து நாமே செய்ய வேண்டிய ஆய்வும் இருக்கிறது. குளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதை மாற்றிக் கொடுத்தால்தான் செய்யும். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி மரபிலேயே பலவீனமாக இருப்பவர்கள் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-இல் இதற்குப் பெட்டி கட்டி எச்சரிக்கை போட்டது. ஆசிய மக்களிடம் இந்த மரபு மாற்றம் ஐரோப்பியர்களிடம் இருப்பதைவிட அதிகம். 2023-இலிருந்து "இதயம் காப்போம்" திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும்கூட, நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டேடின் உடனே கொடுக்கிறார்கள். மிக நல்ல திட்டம் அது. உயிர் பிழைத்து வருகிறவர்கள் பின்னாளில் ஏதாவது ஓர் ஆபரேஷனுக்கு உங்களிடம்தான் வருவார்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் உடம்பில் இந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது வீண் வேலையா? செய்யுங்கள். முறையாகச் செய்யுங்கள் என்கிறேன்.

முறை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது டிஸ்சார்ஜுக்குப் பிந்திய நாட்கள். 14 நாடுகளில் 40,000 பேரைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அறுவைக்குப் பிறகு 30 நாளுக்குள் இறந்தவர்களில் ஆபரேஷன் தியேட்டரில் இறந்தவர்கள் 0.7 சதவீதம்தான். ஏறக்குறைய 70 சதவீதம் பேர் வார்டில். 29 சதவீதம் பேர் வீட்டுக்குப் போன பிறகு. இறப்புக்குப் பெரிய காரணங்களில் ரத்தப்போக்கும் ஒன்று. ஆனால் நம்மூர் ஆய்வேடுகள் பலவற்றில், டிஸ்சார்ஜ் ஆன நாளோடு நோயாளியின் கதை முடிந்துவிடுகிறது. காயத்தில் சீழ் பிடிப்பதைக் கணக்கெடுக்க 30 நாள் பார்க்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட விதி. நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிக்கல் ஏதும் இல்லை என்று எப்படி எழுதுவது?

நாகலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர். கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷன். நன்றாகத்தான் வீடு வந்தார். இரண்டு மூன்று நாளில் வயிற்றுத் தையலுக்குப் பக்கத்தில் வீக்கம், ஊதா நிறம். தையல் போட்ட இடம் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் சொல்லியிருக்கிறார். வலிக்கு, இந்தப் பெண் பழைய மூட்டுவலி மாத்திரையையே எடுத்துப் போட்டிருக்கிறார். ராத்திரியில் கட்டுத்துணி நனையத் தொடங்கியது. "ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுங்க அக்கா, என்னன்னு வந்து பாருங்க" என்று அவர் புருஷன் வந்து கதவைத் தட்டினார். மூடுபனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய்ச் சேர வேண்டும். போனது, ஆபரேஷன் செய்த இடத்துக்கு இல்லை. கிடைத்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு. கட்டியிருந்த ரத்தத்தை எடுத்து, ரத்தம் ஏற்றி, பிழைத்துக்கொண்டார். முதல் ஆஸ்பத்திரியின் ஏட்டில் அவர் நலமாக வீடு திரும்பியவர். அங்கே யாராவது ஆய்வு எழுதினால் சிக்கல் இல்லாதவர்கள் வரிசையில்தான் அவரும் நிற்பார்.

மலை நோயாளியைத் தொடர்ந்து விசாரிப்பது சிரமம் என்பது எனக்கும் தெரியும். சிக்னல் கிடைக்காத ஊர்கள் இருக்கின்றன. கொடுத்த நம்பர் மகனுடையதாக இருக்கும், மகன் திருப்பூரில் இருப்பான். "தொடர்புகொள்ள இயலவில்லை" என்று எழுதி அவர்களை விட்டுவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்துச் சதவீதம் போடுகிறீர்கள். தொடர்பு கிடைக்காதவர்கள்தான் ஆஸ்பத்திரிக்கு ரொம்பத் தூரத்தில் இருப்பவர்கள், சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறவர்கள், சிக்கல் வந்தால் தாமதமாக வருகிறவர்கள். அவர்களை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு நிஜத்தைவிட அழகாக இருக்கும். கிராம சுகாதாரச் செவிலியர் இருக்கிறார். 2021-இலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" பெண்கள் பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொண்டுபோய் வீட்டுத் திண்ணையில் கொடுக்கிறார்கள். ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் அவர்கள் வாயால் மூன்று கேள்வி கேட்க வைக்கலாம்: ரத்தம் கசிந்ததா, காய்ச்சலோ சீழோ வந்ததா, நிறுத்திய மாத்திரையை மறுபடி தொடங்கியாயிற்றா. அதற்கு முறையான அனுமதி வாங்கி, அவர்களுக்கு ஒரு சிறு ஊதியமும் ஆய்வுச் செலவில் சேர்த்துவிடுங்கள்.

ஒப்புதல் கையெழுத்து பற்றிக் கொஞ்சம் மனம் விட்டுப் பேச வேண்டும். சமீரா கோலி என்ற நோயாளி தொடுத்த வழக்கில் 2008 சனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. என்ன சிகிச்சை, எதற்காக, என்ன பலன், வேறு வழி உண்டா, முக்கியமான ஆபத்துகள் எவை, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதைச் சொன்ன பிறகு தரும் சம்மதம்தான் சம்மதம். மருந்து ஆய்வுகளுக்கு 2019-இன் விதிகள் இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும். தாளின் நகலும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் அவர் கைக்குப் போக வேண்டும்.

நடப்பது என்ன? ஆபரேஷன் அன்று விடியற்காலை, தண்ணீர்கூடக் குடிக்காமல், பச்சை அங்கி மாட்டி உட்கார்ந்திருப்பவரிடம் நாலு காகிதம் நீட்டப்படுகிறது. இன்ட்டூ குறி போட்ட இடத்தில் கையெழுத்து. ஒன்று ஆபரேஷனுக்கு, ஒன்று மயக்க மருந்துக்கு, ஒன்று காப்பீட்டுக்கு, ஒன்று ஆய்வுக்கு. எது எதற்கு என்று அவருக்குத் தெரியாது. ஆய்வுக்கு மறுத்தால் ஆபரேஷனையே மறுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும், ஆனால் வாய் திறந்து கேட்க மாட்டார். சிகிச்சைக்கும் ஆய்வுக்கும் வேறு வேறு நாளில், வேறு வேறு ஆள் சம்மதம் கேட்கட்டும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுக்கும் அன்றைக்கே தாளைக் கொடுத்தால் வீட்டுக்குக் கொண்டுபோய், பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருவார்கள். நெறிமுறைக் குழுவில் மருத்துவர் அல்லாத பொது ஆள் ஒருவர் இருக்கிறாரே, அவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த இரண்டு நகலும் நோயாளி வீட்டில் இருக்கிறதா, இல்லை கோப்பிலேயே இருக்கிறதா?

ஆபத்தைச் சொன்னால் நோயாளி பயந்து ஓடிவிடுவார் என்று பெரிய டாக்டர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்தவரை அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து, நூற்றில் இத்தனை பேருக்கு இப்படி ஆகலாம், ஆனால் இதைச் செய்வோம் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். "அப்போ காப்பிப் பழம் எடுத்து முடிச்சுட்டு வரட்டுங்களா?" என்று நியாயமான கேள்வி கேட்கிறார்கள். ஓடுகிறவர்கள் பெரும்பாலும் யாரும் எதுவும் சொல்லாததால் ஓடுகிறவர்கள். நேரம் இல்லை என்பது மட்டும் நிஜமான காரணம். தருமபுரி, நாமக்கல்லில் இருந்தெல்லாம் கூட்டம் வந்து நிற்கும்போது ஒவ்வொருவரிடமும் அரை மணி நேரம் பேசச் சொல்வது அநியாயம். அதனால்தான் தாள் கேட்கிறேன்.

அந்தத் தாள் பெரிதாக இருக்க வேண்டாம். பெரிய எழுத்தில் ஒரு பக்கம் போதும். நிறுத்தச் சொன்ன மாத்திரை எது, கடைசியாகச் சாப்பிட வேண்டிய தேதி, மறுபடி தொடங்க வேண்டிய தேதி. தேதி கட்டாயம் வேண்டும். "டாக்டர் சொன்னபிறகு" என்று எழுதினால் மிளகுக்காரருக்கு ஆனதுதான் ஆகும். கடையில் வாங்கும் வலி மாத்திரை வேண்டாம், வலித்தால் எதைச் சாப்பிடலாம் என்று ஒரு வரி. கட்டுத்துணி முழுக்க நனைந்தால், காயத்தைச் சுற்றி வீக்கம் ஏறிக்கொண்டே போனால், மலம் கறுத்துப் போனால், மயக்கம் வந்தால், நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள் என்று ஒரு வரி. ராத்திரி எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பர், 108-க்குக் கீழே. வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் இந்தத் தாளைக் காட்டுங்கள், பிறகு எங்களுக்கும் தகவல் சொல்லுங்கள் என்று ஒரு வரி. கொடுக்கும்போது "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க அம்மா" என்று கேளுங்கள். சொல்லும்போதே எங்கே தடுமாறுகிறார் என்பது தெரிந்துவிடும்.

ஆய்வு முடிந்ததும் இன்னொரு தாள். மனிதர்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறையாக 1964-இல் தொடங்கிய ஹெல்சின்கி பிரகடனம் இப்போது இதைச் சொல்கிறது: ஆய்வில் பங்கெடுத்தவருக்கு அதன் பொதுவான முடிவைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு கொடுக்கப்பட வேண்டும். ஆய்வேடு நூலக அலமாரிக்குப் போகிறது, பட்டம் கிடைக்கிறது, மாணவர் ஊரை விட்டுப் போகிறார். ஆய்வுக்கு ரத்தம் கொடுத்தவர் அப்புறம் என்ன ஆச்சு என்று ஒருநாளும் கேட்டதில்லை, கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. இத்தனை பேரைப் பார்த்தோம், இத்தனை பேருக்கு ரத்தம் கசிந்தது, இந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அதிகம் கசிந்தது என்று தமிழில் பத்து வரி எழுதி, வார்டு சுவரில் ஒன்றும் மலை மேலே இருக்கும் சுகாதார நிலையங்களுக்கு ஒன்றும் அனுப்புங்கள். நெறிமுறைக் குழு அனுமதி தரும்போதே இந்தப் பத்து வரியையும் கேட்டு வாங்கலாம். புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

தாள் எழுத நீங்கள் முன்வந்தால் முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள். தோட்டத்துப் பெண்கள் சிலரை உட்கார வைத்து வாசித்துக் காட்டி, எந்த வரியில் முகம் சுருங்குகிறது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். காசு எதுவும் வேண்டாம். பழம் பறிக்கும் பருவம் தொடங்குவதற்கு முன்னால் வந்தால் நல்லது, அதன் பிறகு பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்,
ஏற்காடு.